பயத்துக்கு அரை இன்ச்

தப்பா எடுத்துக்கிறாதீங்க யக்கா, உங்க ஜாக்கெட்டு யாரு தச்சது? இல்ல, பஸ்ஸுக் கம்பியைப் புடிக்கக் கையைத் தூக்குனீங்கள்ல, அப்பப் பாத்தேன். அக்குள்ல இழுக்குது. கைக்குழியை இன்னும் கொஞ்சம் எறக்கி வெட்டியிருக்கணும். வெட்டல. நல்ல துணி, பாவம்.

சிரிக்காதீங்க. எனக்கு அது ஒரு வியாதி. உசிலம்பட்டியில சந்தைக்குப் போற வழியில விருமாயி லேடீஸ் டெய்லர்னு ஒரு போர்டு பாத்திருப்பீங்களே, அந்த விருமாயி நாந்தான். பதினெட்டு வருசமா மிஷின்ல உக்காந்திருக்கேன். ஆளு கடை வாசப்படி ஏறும்போதே இடுப்பு இம்புட்டு, தோளு இம்புட்டுன்னு கண்ணு சொல்லிரும். டேப்பு எடுக்குறதெல்லாம் அவங்க மனசுத் திருப்திக்குத்தான். அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

என்னது? முன் சீட்டுல நிக்குற பிள்ளை பேண்ட்டா? எந்தப் புண்ணியவதி தச்சாளோ, இடது காலு கவ்விப் புடிச்சிருக்கு, வலது காலு தொளதொளங்குதுன்னா? அடியாத்தி! நான் உங்க அக்குளைச் சொன்னா நீங்க என் அடிமடியிலேயே கை வைக்கிறீங்களே. அந்தப் புண்ணியவதியும் நாந்தான். வேணும்னேதான் அப்படித் தச்சேன். நம்ப மாட்டீங்க. எங்க எறங்குறீங்க? காளவாசலா? அப்பச் சரி, நேரம் கெடக்கு. செக்கானூரணியே இன்னும் வரல.

அது என் தம்பி ஒச்சப்பன் மக. தன்ஷிகா. நாலு வயசு முடிஞ்சிருச்சு. பக்கத்துல சன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கால்ல, அவதான் ஆத்தாக்காரி, என் தம்பி பொண்டாட்டி. பேரு செல்லக்கிளி. பேருதான் கிளி. கல்யாணமாகி ஆறு வருசத்துல அவ பேசுனதை டேப்பு வச்சு அளந்தாலும் ஒரு முழம் தேறாது. "காப்பி குடிக்கிறியாடி?"ன்னா தலையாட்டுவா. "வேணாமாடி?"ன்னாலும் அதே ஆட்டுதான். நான் சும்மா இருப்பேனா? "ஏலே ஒச்சப்பா, சவுண்டு இல்லாத டிவியா பாத்து வாங்கிட்டு வந்துட்டியேடா"ன்னு அவ முன்னாடியே சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிச்சுக்கிருவா. நல்ல பிள்ளைதான், இல்லைங்கல.

போன ஐப்பசியில மழை புடிச்சுக்கிட்டு ஊத்துச்சுல்ல, அப்பப் பிள்ளைக்குக் காய்ச்சல். முதல்ல சளின்னாங்க. மூணாம் நாளு மூச்சு வாங்குது, நெஞ்சுக்குழி உள்ள போகுது, உதடு நீலம் பாரிச்சுப்போச்சு. மதுரைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். நெஞ்சு ரெண்டு பக்கமும் நிமோனியா. பிள்ளைகளுக்குன்னு தனியா இருக்குற ஐசியூவுல போட்டு, வாயில குழாய் வச்சு மூச்சு மிஷின்ல மாட்டிட்டாங்க. கையில நரம்பு சிக்கல. மருந்தும் வீரியமான மருந்தாம், சின்ன நரம்பு தாங்காதாம். அதனால வலது தொடை இடுக்குல இருக்குற பெரிய நரம்புக்குள்ள ஒரு நீளக் குழாயை ஏத்தி, அது வழியாத்தான் அம்புட்டு மருந்தும். அம்புட்டூண்டு பிள்ளைக்கு எத்தனை குழாய்ங்கிறீங்க!

உள்ள யாரையும் விட மாட்டாங்க. மத்தியானம் ஒரு மணி நேரம். அதுலயும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர். ஒரு பச்சை அங்கி குடுப்பாங்க, மாட்டிக்கிட்டுத்தான் போகணும். அதைத் தச்சவனை நான் பாக்கணும் யக்கா. முன்னுக்குப் பின் முரணா கை வச்சிருக்கான். அதைப் போட்டுக்கிட்டு அந்தக் கட்டிலுகிட்டப் போனா எனக்கு அழுகை வரணுமா, கோவம் வரணுமான்னு தெரியாது. ரெண்டும் வந்துச்சு.

அங்க ஒரு நர்ஸு. ஜெபராணி சிஸ்டர். நாகர்கோயில் பக்கம். நறுக்குன்னு பேசும். ரெண்டாம் நாளு நான் உள்ள போறேன், அந்த அம்மா கையில இன்ச் டேப்பு! பிள்ளையோட தொடையை அளக்குது. வலது தொடை, அப்புறம் இடது தொடை. அளந்து நோட்டுல எழுதுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "என்ன சிஸ்டர், பிள்ளைக்குப் பேண்ட் தைக்கப் போறீங்களா? சொல்லியிருந்தா நானே தச்சுக் கொண்டாந்திருப்பேனே"ன்னேன்.

அந்த அம்மா கோவிச்சுக்கல. நிதானமாச் சொல்லுச்சு. "அம்மா, பெரிய குழாய் இருக்குற நரம்புல ரத்தம் உறைஞ்சுபோக வாய்ப்பு இருக்கு. இந்தப் பிள்ளை அசையாமப் படுத்திருக்கா, உடம்புல கிருமி வேற. உறைஞ்சா காலு வீங்கும். அதுக்குத்தான் காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு காலையும் அளக்குறோம். குழாயை அப்பப்ப மருந்துத்தண்ணி விட்டுக் கழுவுறோம். டாக்டரும் தினம் காலையில வந்ததும் முதல் வேலையா, இந்தக் குழாய் இன்னும் வேணுமான்னுதான் கேப்பாங்க. தேவை முடிஞ்ச அன்னைக்கே எடுத்துருவோம்."

இம்புட்டும் எனக்குச் சொல்லுச்சு யக்கா. தெளிவாச் சொல்லுச்சு. நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். காதுலதான் விழுந்துச்சு, புத்தியில விழல. ஏன்னா என் புத்தி டேப்பு மேல இருந்துச்சு. "அளக்குறது சரி சிஸ்டர். ஆனா அளவு எடுக்குற லட்சணமா இது? வலது கால்ல முட்டிக்கு நாலு விரக்கடை மேல புடிச்சீங்க. இடது கால்ல அஞ்சு விரக்கடை. தொடை என்ன உலக்கையா, மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்க?"

சிஸ்டரு என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. "அப்ப எப்படி அளக்கணும்?"

"பேனா எடுங்க. ரெண்டு தொடையிலயும் முட்டியிலருந்து ஒரே உசரத்துல கோடு போடுங்க. யாரு வந்து அளந்தாலும் அந்தக் கோட்டு மேலதான் டேப்பு உக்காரணும்."

போட்டுச்சு யக்கா! சொன்னபடியே போட்டுச்சு. "கோடு போடணும்னு எங்களுக்கும் சொல்லிக்குடுத்ததுதான், அவசரத்துல விட்டுப்போச்சு, தேங்க்ஸ் டெய்லரம்மா"ன்னுச்சு. அன்னையிலருந்து அந்த வார்டுல எனக்கு டெய்லரம்மான்னுதான் பேரு. வெளிய வந்து நான் பண்ணுன அலப்பறை இருக்கே, கேக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கே நாந்தான் அளவு எடுக்கச் சொல்லிக்குடுத்த மாதிரி ஊரு முழுக்கப் போன் போட்டுச் சொன்னேன்.

அஞ்சாம் நாளு ஞாயித்துக்கிழமை. ஊர்லருந்து ஒரு வேன் நெறையாச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க. ஐசியூவுக்கு வெளிய வராந்தாவுல பாயைப் போட்டு உக்காந்துட்டாங்க. ஒவ்வொருத்தரும் "பிள்ளைக்கு எப்படி இருக்கு?"ங்கிறாங்க. என்னத்தச் சொல்ல? "அப்படியேதான் இருக்கு"ன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க? என் தம்பி மூஞ்சியைப் பாக்க முடியல. அஞ்சு நாளா ஒழுங்காச் சாப்பிடல. ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வேணும் யக்கா. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கொண்டாந்துரணும்னுதான் அன்னைக்கு நான் முதல் ஆளா உள்ள போனேன்.

போனா, போர்வை விலகி வலது காலு வெளிய இருக்கு. பாத்தேன். பிள்ளை பொறந்ததிலருந்து அதுக்குத் துணி தச்சவ நான். அந்தக் காலு எனக்கு மனப்பாடம். கண்ணு டக்குனு சொல்லுது, ஒரு இன்ச் கூடன்னு. எனக்கு மனசு குளுந்துபோச்சு. ஆத்தாடி, பிள்ளை தேறுது! சதை புடிக்குது! மூக்கு வழியா பால் குடுக்குறாங்களே, உடம்புல ஒட்டுது!

இடது காலா? பாக்கல. போர்வைக்குள்ள இருந்துச்சு. போர்வையை விலக்கிப் பாக்கணும்னு தோணல யக்கா. ஏன்னு கேளுங்க. எங்க தொழில்ல ஒரு காலைத்தான் அளப்போம். ஒண்ணை அளந்து, துணியை மடிச்சுப் போட்டு, ரெண்டையும் சேத்து வெட்டிருவோம். ஒரு கை அளந்தா ரெண்டு கை. பதினெட்டு வருசமா அப்படித்தான். எந்த டெய்லர் ரெண்டு காலையும் அளந்திருக்கா?

வெளிய வந்தேன். ரெண்டு கையையும் தூக்கி, "பிள்ளை தேறிருச்சு! தொடை ஒரு இன்ச் கூடியிருக்கு, என் கண்ணு பொய் சொல்லாது"ன்னேன். வராந்தாவே எந்திரிச்சு நின்னுருச்சு. என் சித்தி குலவை போடப் போயிருச்சு, வாட்ச்மேன் ஓடியாந்து அமட்டுனான். என் தம்பி உக்காந்து தேம்பித் தேம்பி அழுகுறான், சந்தோசத்துல. அப்புறம் கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் போயி அம்புட்டுப் பேருக்கும் டீயும் பன்னும் வாங்கியாந்தான். அவனும் ஒரு பன்னைக் கையில எடுத்தான். அதைப் பாத்து எனக்கு வயிறு நெறஞ்சுபோச்சு.

அப்பச் செல்லக்கிளி உள்ள போயிட்டு வந்தா. வந்து என் பக்கத்துல நின்னா. நான் பன்னை நீட்டுறேன், வாங்கல. மெதுவா, யாருக்கும் கேக்காம, "மதினி, வலது காலு மட்டும்தான் பெருசா இருக்கு. இடது காலு அப்படியே இருக்கு"ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே கூசுது. "சதை என்னடி ரெண்டு காலுக்கும் ஒண்ணாவா புடிக்கும்? முதல்ல இதுல புடிக்கும், நாளைக்கு அதுல புடிக்கும்"ன்னேன். சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு ஒருத்தரும் சிரிக்கல. அம்புட்டுப் பேரும் ஆமான்னு தலையாட்டுனாங்க. அதோட விட்டேனா? "ஆறு வருசமா வாயைத் தொறக்கல, நல்ல சேதி வந்த அன்னைக்குத்தான் தொறக்கணுமாடி உனக்கு?"ன்னும் கேட்டேன்.

அவ சுவரு ஓரமாப் போயி உக்காந்தா. ஒரு டீ ஆறுற நேரம் உக்காந்திருப்பா. அப்புறம் எந்திரிச்சு நேரா ஐசியூ கதவுக்குப் போறா. நேரம் முடிஞ்சுபோச்சு, வாட்ச்மேன் மறிக்கிறான். அவ அவனைப் பாக்கவே இல்ல. கண்ணாடியில ரெண்டு கையாலயும் டமடமன்னு அடிச்சு, "சிஸ்டர்! என் பிள்ளை காலைப் பாருங்க! என் பிள்ளை காலை வந்து பாருங்க சிஸ்டர்!"

அவளுக்கு அம்புட்டுப் பெரிய குரல் இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது யக்கா. அவ புருசனுக்கே தெரியாது. பன்னைக் கையில புடிச்சபடி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குறான்.

ஜெபராணி சிஸ்டர் ஓடியாந்துச்சு. இவளை உள்ள கூப்பிட்டுக்கிச்சு. நான் கண்ணாடி வழியாப் பாக்குறேன். டேப்பு எடுத்துச்சு. நான் போடச் சொன்ன கோடு. அந்தக் கோட்டு மேல வச்சு அளந்துச்சு. இந்தக் காலு, அந்தக் காலு. மறுபடியும் இந்தக் காலு. காலையில அளந்தப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சாம். அப்புறம் டாக்டரைக் கூப்பிட ஓடுச்சு. அந்த ஓட்டத்தைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. சிஸ்டர் அன்னைக்குச் சொன்னது அம்புட்டும் அப்பத்தான் புத்தியில விழுந்துச்சு.

ஸ்கேன் மிஷினைக் கட்டிலுக்கே தள்ளிக்கிட்டு வந்தாங்க. தொடை நரம்புல, குழாயைச் சுத்தி, ரத்தக்கட்டி. நஸ்ரீன்னு ஒரு டாக்டரம்மா வெளிய வந்து எங்களை நிக்கவச்சுச் சொன்னாங்க. கட்டி உடைஞ்சு நகர்ந்தா நுரையீரலுக்குப் போயிரும், இப்ப இருக்குற நெலமையில நெஞ்சு அதைத் தாங்காது. வளந்தாலும் காலுக்கு ஆபத்து. ரத்தம் உறையாம இருக்க ஒரு ஊசி போடணும், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கூடிப்போனா எங்கயாவது ரத்தம் கசியும், அதனால அடிக்கடி ரத்தம் எடுத்து மருந்தளவு பாத்துக்குவோம். குழாயை இப்பவே எடுத்துருங்கன்னு என் தம்பி கெஞ்சுறான். "ஊசி ரெண்டு மூணு நாளு போகட்டும்ப்பா, அப்புறம் எடுக்குறதுதான் நல்லது"ங்கிறாங்க. கடைசியில, "இதை முதல்ல கவனிச்சது யாரு?"ன்னு கேட்டாங்க.

வராந்தாவே என்னையப் பாக்குது யக்கா. ஏன்னா முதல்ல பாத்தது நாந்தானே? டாக்டரு தேடுற ஆளு நான் இல்லையே. நான் குனிஞ்சுக்கிட்டேன். பாயைச் சுத்தி டீ கப்பு கெடக்கு, பன்னுத் துண்டு கெடக்கு. என் தம்பி பெத்த பிள்ளை கால்ல ரத்தம் கட்டுனதுக்கு நான் விருந்து வச்சிருக்கேன். பைக்குள்ள கையை விட்டு என் டேப்பை எடுத்தேன், சுருட்டுனேன், மறுபடி உள்ள போட்டேன். என்ன செய்யுறதுன்னு தெரியல. வராந்தா ஓரத்துக் குழாயடிக்குப் போயி மூஞ்சியைக் கழுவுறேன், கழுவுறேன், கழுவிக்கிட்டே இருக்கேன்.

"பிள்ளையோட அம்மாதான் பாத்தாங்க டாக்டர்"னு ஜெபராணி சிஸ்டர் சொல்லிக்கிட்டு இருக்கு. "டெய்லரம்மா போடச் சொன்ன கோட்டுலதான் அளந்தேன்"னும் சேத்துச் சொல்லுச்சு. எனக்காகச் சொல்லுச்சு பாத்தீங்களா. அது இன்னும் வலிச்சுச்சு.

சரி, நாகமலை வந்துருச்சு. சுருக்கமாச் சொல்லிர்றேன்.

பிள்ளை பொழச்சுக்கிச்சு. மூணாம் நாளு தொடைக் குழாயை எடுத்தாங்க. அதுக்கப்புறம் மூச்சு மிஷினும் கழண்டுச்சு. கண்ணைத் தொறந்து முதல்ல கேட்டது என்ன தெரியுமா? பன்னு! வராந்தாவுல நாங்க தின்னது அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ. ஆனா ஊசி நிக்கல. வீட்டுக்கு வந்தும் மூணு மாசம் போடணும்னுட்டாங்க. யாரு போடுறது? "ஊசியும் கையுமாவே இருக்குற ஆளு நீதானக்கா, நீயே போடு"ங்கிறான் என் தம்பி. நானும் மாருதட்டி உக்காந்தேன். பிள்ளை தொடையைப் புடிச்சேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு யக்கா, அப்படியே சாஞ்சுட்டேன். செல்லக்கிளிதான் என் மூஞ்சியில தண்ணியைத் தெளிச்சுட்டு, கையைக் கழுவிட்டு, சிஸ்டர் சொல்லிக்குடுத்தபடி சுருக்குனு போட்டு முடிச்சா. அன்னையிலருந்து தினம் ரெண்டு வேளையும் அவதான். பிள்ளை அழுகுறதில்ல. நான்தான் கொல்லைப்பக்கம் போயி நிப்பேன்.

ஒருநாள் மனசு கேக்காம, "ஏண்டி, அன்னைக்கு நான் பேசுனதுல உனக்கு என் மேல கோவம் இல்லையாடி?"ன்னு கேட்டுப்புட்டேன். "மதினி, அந்த நூல்கண்டை எடுங்க"ன்னா. நூல்கண்டை எடுத்துக் குடுத்தேன். அழுத்தக்காரி.

அந்தப் பேண்ட்டைக் கேட்டீங்கள்ல? ஊசி ஆரம்பிச்ச புதுசுல தச்சது. அப்ப வலது காலு இடதை விட அரை இன்ச் கூட. வீக்கம் வடியும், ஆனா சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தங்கிரும், இறுக்கமாத் துணி போடாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல யாரும் பாத்துக் கேலி பண்ணிரக் கூடாதுல்ல? அதனால வலது கால்ல வீக்கத்துக்கு அரை இன்ச், என் பயத்துக்கு அரை இன்ச், ஆக ஒரு இன்ச் கூட வச்சு வெட்டுனேன். என் கடை அளவு நோட்டுல எல்லாருக்கும் ஒரு தொடை அளவுதான் இருக்கும். தன்ஷிகாவுக்கு மட்டும் ரெண்டு. அதையும் நான் அளக்குறதில்ல. டேப்பைச் செல்லக்கிளி கையில குடுத்துர்றேன். அவ அளந்து சொல்லுவா, நான் எழுதுவேன்.

இன்னைக்குக் காலையில கெளம்பும்போது அளந்தா. "இடது பதினொன்னரை"ன்னா. எழுதுனேன். "வலது பதினொன்னரை"ன்னா. பேனா நின்னுருச்சு எனக்கு. "ஒழுங்கா அளடி"ன்னேன். மறுபடி அளந்தா. பதினொன்னரை. "கோடு சரியா இருக்கா பாருடி." கோட்டை அழிச்சுப் புதுசா ஒண்ணு போட்டு மூணாந்தடவை அளந்தா. பதினொன்னரைதான் யக்கா. அப்ப அவ என்னைய நிமிந்து பாத்து, "மதினி, இப்ப வெளிய போயிச் சொல்லுங்களேன்"ன்னா. சிரிக்காமச் சொல்றா! ஆறு வருசம் நான் பண்ணுன கேலிக்கு அம்புட்டுக்கும் சேத்து ஒரே வரியில வட்டியோட குடுத்துட்டா. நான் சிரிச்சேன், அழுதேன், அவளும் அழுதா, பிள்ளை எங்க ரெண்டு பேரையும் பாத்து முழிக்குது.

நான் யார்கிட்டயும் சொல்லல. ஒச்சப்பன்கிட்டக் கூட. இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம், டாக்டரம்மா ஸ்கேன் வச்சுப் பாத்துச் சொல்லட்டும், ஊசியை நிறுத்தலாமா வேணாமான்னு. அதுக்கு முந்தி என் கண்ணு ஒண்ணும் சொல்லாது. உங்ககிட்டச் சொன்னது கணக்குல சேராது, நீங்க எறங்கிப் போயிருவீங்க.

அந்தா பாருங்க, பஸ்ஸு நடுவுல பிள்ளை எட்டி எட்டி நடக்குது. வலது காலு எப்படித் தொங்குது பாத்தீங்களா? பிரிச்சுத் தைக்கச் சொன்னா செல்லக்கிளி. மாட்டேன்னுட்டேன். அப்படியே தொளதொளன்னு கெடக்கட்டும்.

காளவாசல் வந்துருச்சு, எறங்குங்க யக்கா, பாத்து. உசிலம்பட்டிப் பக்கம் வந்தா அந்த ஜாக்கெட்டை மறக்காமக் கொண்டாங்க, பிரிச்சுச் சரி பண்ணித் தாரேன். கொஞ்சம் நேரமாகும். ரெண்டு கையையும் அளந்துதான் தைப்பேன்.